ஒரு ஞாயிற்றுக்கிழமையை மலைக்குக் கொடுங்கள்!

எரிமலை என்றதும் நம் பிள்ளைகளுக்கு ஜப்பான் நினைவுக்கு வருகிறது. இந்தோனேசியா நினைவுக்கு வருகிறது. புகை கக்கும் மலை, நெருப்பு ஆறு, அலறி ஓடும் ஜனங்கள் எல்லாம் படத்தில் பார்த்தவை.

"நம் ஊரிலும் நெருப்பில் பிறந்த மலை இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள்.

சிரிக்க வேண்டாம். உண்மைதான்.

ஓசூரில் இருந்து கிருஷ்ணகிரிக்குப் போகிறவர்கள் பஸ்சில் சன்னல் ஓரம் உட்கார்ந்து பார்க்கட்டும். வழி நெடுக மொட்டைக் குன்றுகள். யானை படுத்திருப்பது போல ஒன்று. கவிழ்த்து வைத்த சட்டி போல ஒன்று. நெல் அம்பாரம் போல ஒன்று. அத்தனையும் ஒரு காலத்தில் கூழ் போலக் கொதித்த கல்!

இந்த மலைகளை நாம் தினமும் பார்க்கிறோம். பெயர் கேட்டால் தெரியாது. ஏறியது உண்டா என்றால், உதட்டைப் பிதுக்குகிறோம். வேலைக்குப் போகும்போது ஒரு பக்கம் இருந்த மலை, திரும்பி வரும்போது மறு பக்கம் இருக்கிறது. அவ்வளவுதான் நமக்கும் மலைக்கும் உள்ள சம்பந்தம்.

என் கட்சி இதுதான்: ஆண்டில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு, பக்கத்து மலையில் ஏறுங்கள். உடம்புக்கு நல்லது என்பதற்காக மட்டும் அல்ல. ஏறிப் பார்த்தவனுக்குத்தான் மலை சொந்தம். ஏறிப் பார்க்காத மலை ஒரு நாள் காணாமல் போனால், போனது கூட நமக்குத் தெரியாது.

எரிமலையா? இல்லை!

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்து விடுவோம். கிருஷ்ணகிரி மலைகள் எரிமலைகளா?

இல்லை. இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் எரிமலை ஒன்றுதான். அது அந்தமானில், பாரன் என்ற தீவில் இருக்கிறது. அங்கே மனிதர் குடியிருப்பு கிடையாது. 1787ல் அது நெருப்புக் கக்கியதைக் கப்பலில் போனவர்கள் பார்த்து எழுதி வைத்தார்கள். 19ம் நூற்றாண்டில் அடங்கிப் போனது. எல்லோரும் செத்த மலை என்று நினைத்துக் கொண்டிருந்தபோது, 1991ல் மறுபடி விழித்துக்கொண்டது. அதற்குப் பிறகும் பல முறை புகைந்திருக்கிறது.

மராட்டிய மாநிலத்தில் வேறு வகை. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, அங்கே பூமி பிளந்து நெருப்புக் குழம்பு வெள்ளம் போல ஓடியது. ஒன்றின் மேல் ஒன்றாக, அடுக்கு அடுக்காக உறைந்தது. அஜந்தா குகைகளும் எல்லோரா குகைகளும் அந்த உறைந்த குழம்பில் குடைந்தவைதான். சிவாஜி மகாராஜாவின் ராய்கட் கோட்டை நிற்பதும் அதன் மேல்தான்.

நம் பக்கத்து மலைகளின் கதை இன்னும் பழையது. இங்கே குழம்பு வெளியே வந்து கொட்டவில்லை. பூமிக்கு அடியில், மைல் கணக்கான ஆழத்தில், உள்ளேயே நின்று மெல்ல மெல்ல ஆறி இறுகியது. அதுதான் கிரானைட். பிறகு அந்தக் கல்லே மறுபடி சூடுபட்டு, நசுங்கி, பிசைந்த மாவு போல மடிந்தது. வெளிறிய கோடும் கறுத்த கோடுமாக ஆனது. விஞ்ஞானிகள் இதற்கு "நைஸ்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அடியில் இருந்த கல் மேலே எப்படி வந்தது? மேலே மூடியிருந்த மண்ணையும் பாறையையும் மழையும் காற்றும் வெயிலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்துக்கொண்டு போயின. பாரம் குறையக் குறைய, அடியில் இருந்தது தலை தூக்கியது. கெட்டியான கல் மட்டும் நின்றது. இளகிய கல் கரைந்து போனது.

எரிமலை நெருப்பை வெளியே கொட்டிவிடும். நம் மலை நெருப்பை விழுங்கிக்கொண்டு கல்லாக நின்றது!

250 படிக்கட்டு

கிருஷ்ணகிரி வட்டாரத்துப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. 250 கோடி என்றால் மனதில் நிற்காது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

250 படிகள் உள்ள ஒரு படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு படிக்கு ஒரு கோடி ஆண்டு. படியின் உயரம் அரை அடி. அடியில், முதல் படியில், நம் கிருஷ்ணகிரிக் கல் பிறக்கிறது. ஏறிக்கொண்டே வாருங்கள். 100 படி, 150 படி, 200 படி. இமயமலை தலை தூக்கத் தொடங்குவது 245ம் படியில்தான். வானத்தைத் தொடும் அந்த இமயமலை, நம் ஊர்க் குன்றுக்குக் கொள்ளுப் பேரனுக்கும் பேரன்!

மனிதன் எங்கே வருகிறான்? கடைசிப் படியில், அதிலும் மேல் விளிம்பில், ஒரு மிளகின் உயரத்தில் வருகிறான். சங்க காலத்துக்கும் இன்றைக்கும் உள்ள தூரம் ஒரு காகிதத்தின் கனம் கூட இல்லை.

அந்த மிளகு உயரத்து மனிதன், 250 படி உயரத்து மலையை ஒரு சில ஆண்டில் வெட்டித் தீர்த்து விடுகிறான். இதை நினைத்தால் பெருமைப்படுவதா, பயப்படுவதா?

பவுண்டரிக்காரர் பார்த்த மலை

சென்ற குளிர் காலத்தில் நானும் என் நண்பர் ஒருவரும் ராயக்கோட்டை மலைக்குப் போனோம். நண்பர் ஓசூரில் ஒரு பவுண்டரியில் வேலை பார்க்கிறவர். இரும்பை உருக்கி, அச்சில் ஊற்றி, வார்ப்பு எடுப்பது அவர் தொழில். இருவரும் ஒரே ஊர். ஆனால் நாங்கள் நிம்மதியாகப் பேசி மாதக்கணக்காகி இருந்தது. அவருக்குப் பகல் ஷிப்டு என்றால் எனக்கு வேறு வேலை. எனக்கு ஓய்வு என்றால் அவர் இரவு ஷிப்டு முடித்துத் தூங்குவார். தொழிற்சாலை ஊர்களில் இது எல்லோருக்கும் உள்ள கஷ்டம்.

ஓசூரில் இருந்து ராயக்கோட்டை சுமார் 30 கிலோமீட்டர். ரயிலும் உண்டு, பஸ்சும் உண்டு. தக்காளிச் சந்தைக்குப் பேர் போன ஊர். ஊருக்கு மேலே, தனியாக, அரிசி மூட்டையைச் சாய்த்து வைத்தது போல அந்த மலை நிற்கிறது.

காலையிலேயே ஏறத் தொடங்கி விட்டோம். கொஞ்ச தூரம் படி. பிறகு பாறை. கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். பாதி தூரத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். நண்பர் பாறையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"இதைப் பாருங்க. இதுவும் வார்ப்புத்தான்!"

"எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"கல்லிலே மணி மணியாத் தெரியுதே, பெரிசு பெரிசா? மெதுவா ஆறினாத்தான் இப்படி ஆகும். எங்க பவுண்டரியிலேயும் இதே கணக்குத்தான். கனமான வார்ப்பு மெதுவா ஆறும். உடைச்சுப் பார்த்தா மணி பெரிசா இருக்கும். மெல்லிசான வார்ப்பு சட்டுனு ஆறிடும். மணி கண்ணுக்கே தெரியாது."

நண்பர் புவியியல் படித்தவர் இல்லை. ஆனால் அவர் சொன்னதும் விஞ்ஞானிகள் சொல்வதும் ஒன்றுதான். பூமிக்கு அடியில் ஆறிய குழம்பில் மணிகள் பெரியவை. வெளியே கொட்டிச் சட்டென்று ஆறிய எரிமலைக் குழம்பில் மணிகள் பொடியாக இருக்கும். அஜந்தாக் கல்லையும் கிருஷ்ணகிரிக் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு குழந்தை கூட வித்தியாசம் சொல்லும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பல இடங்களில் வெளிறிய பாறைக்கு நடுவே சுவர் போலக் கறுப்புக் கல் ஓடும். பழைய பாறை பிளந்தபோது, அந்த வெடிப்பில் அடியில் இருந்து புதுக் குழம்பு ஏறி நிரப்பியது. மணல் அச்சில் இரும்பை ஊற்றுவது போலத்தான். ஓரத்தில், குளிர்ந்த பாறையைத் தொட்ட இடத்தில், சட்டென்று ஆறியதால் மணி பொடிசு. நடுவில் மெதுவாக ஆறியதால் மணி பெரிது. வியாபாரத்தில் இதற்குக் "கறுப்பு கிரானைட்" என்று பெயர். கல்லறைக் கல்லாகவும் அடுப்பு மேடையாகவும் உலகம் முழுவதும் போகிறது.

இன்னொரு சேதியும் அப்போது நினைவுக்கு வந்தது. இதே மாவட்டத்தில் மயிலாடும்பாறை என்ற இடத்தில் தொல்லியல் துறை தோண்டிப் பார்த்தது. அங்கே கிடைத்த சான்றுகளை ஆராய்ந்து, கி.மு. 2172லேயே, அதாவது சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பே, அங்கே இரும்பு புழங்கியது என்று கண்டார்கள். 2022 மே மாதம் இது சட்டசபையில் அறிவிக்கப்பட்டது. நண்பரிடம் சொன்னேன்.

"அப்படின்னா எங்க தொழிலுக்கு இங்கேயே பாட்டன் முப்பாட்டன் இருந்திருக்காங்க!" என்று மகிழ்ந்து போனார்.

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. பாடப் புத்தகத்தில் நாலு பக்கம் படித்தால் ஏறாத பாடம், ஒரு பாறை மேல் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் ஏறி விடுகிறது. அதிலும் கூட ஒரு ஆள் இருந்தால்! தனியாகப் போனால் நமக்குத் தெரிந்ததைத்தான் பார்ப்போம். நண்பரோடு போனால் அவருக்குத் தெரிந்ததும் நம் கண்ணுக்குத் தெரியும்.

"விலை பேசவா வந்தீங்க?"

ஆடு மேய்த்துக்கொண்டு ஒரு பெரியவர் அந்தப் பக்கம் வந்தார். நண்பர் சின்னக் கல் ஒன்றால் பாறையைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் நின்று பார்த்தார்.

"என்ன சார், தட்டித் தட்டிப் பாக்கறீங்க? குவாரிக்காரங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க பெரியவரே. சும்மா பாக்க வந்தோம்."

"சும்மா பாக்கவா? கல்லைப் பாக்க வர்றவங்க எல்லாம் வெல பேசத்தான் வருவாங்க. இது சர்க்கார் மலை. இதை வெட்ட விடமாட்டாங்க."

பிறகு தூரத்தில் ஒரு திக்கைக் காட்டினார். "அங்கே ஒரு கரடு இருந்தது. சின்ன வயசிலே நான் ஆடு மேய்ச்சது அங்கேதான். இப்ப அந்த எடத்திலே பள்ளம். தண்ணி நிக்குது."

"அந்தக் கரட்டுக்கு என்ன பேரு?" என்று நான் கேட்டேன்.

பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கரடே இல்ல. இனிமே பேரு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று முழுவதும் அந்தப் பேச்சு எங்களை விடவில்லை. மலையைப் பார்க்க வருகிறவன் விலை பேசத்தான் வருவான் என்று ஒரு கிராமத்துப் பெரியவர் நினைக்கும்படி ஆகிவிட்டதே! அது அவர் குற்றமா? பார்ப்பதற்காக வருகிறவர்கள் நாம் போகாததால்தானே?

பீரங்கி தோற்ற இடம்

உச்சியில் இடிந்த மதில்கள். நின்று பார்த்தால், ஒரு பக்கம் ஓசூர்ச் சீமை மேடாக உயர்ந்து கிடக்கிறது. அது கடல் மட்டத்தில் இருந்து சுமார் 3,000 அடி உயரம். மறு பக்கம் கிருஷ்ணகிரிச் சீமை பள்ளமாக இறங்குகிறது. அதற்குப் பழைய பெயர் பாராமகால். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே உள்ள கணவாய்க்குக் காவல்காரன் மாதிரி ராயக்கோட்டை மலை நிற்கிறது.

அதனால்தான் இந்த மலைகளுக்காக அத்தனை சண்டை. திப்பு சுல்தானோடு நடந்த மூன்றாவது மைசூர்ப் போரில், 1791 ஜூலையில், மேஜர் கௌடி என்ற வெள்ளைக்காரத் தளபதி ராயக்கோட்டையைப் பிடித்தார். அதே ஆண்டு நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கினார். அங்கே கதை வேறு. மேலே இருந்தவர்கள் பாறைகளை உருட்டித் தள்ளினார்கள். படை திரும்பி ஓடியது. துப்பாக்கியும் பீரங்கியும் இருந்தும், வழுக்குப் பாறையிடம் ஜம்பம் பலிக்கவில்லை! 1792ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு பாராமகாலை விட்டுக் கொடுத்த பிறகுதான் கிருஷ்ணகிரி கம்பெனியார் கைக்குப் போனது.

இன்று இந்த இரண்டு கோட்டை மலைகளும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. கோட்டை இருந்ததால் மலை பிழைத்தது. கோட்டை இல்லாத மலைகளின் கதி?

இரண்டு பக்கமும் பேசுவோம்

"கல் வெட்டக் கூடாது என்கிறாயா? அப்படியானால் வீடு எதில் கட்டுவது? ரோடு எதில் போடுவது?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

கல் இல்லாமல் நம் வாழ்க்கை இல்லை. கோயில் கட்டியது கல்லால். நம் பாட்டி அரைத்த அம்மியும் ஆட்டுக்கல்லும் கல். கிருஷ்ணகிரிப் பக்கம் தோட்டத்துக்கு வேலி கூடக் கல்லால் நட்டிருப்பார்கள். சூளகிரிக்குப் பக்கத்தில் மல்லச்சந்திரம் என்ற ஊரில், குன்றின் மேல், பெருங்கற்கால மக்கள் கற்பலகைகளை நிறுத்திக் கட்டிய கற்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. "பாரடைசோ" என்று இத்தாலிக்காரர் பாஷையில் பெயர் சூட்டிக்கொண்டு வெளிநாடு போகும் கல், நம் கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கல்தான். அதை வெட்டுகிறவர்களும் அறுக்கிறவர்களும் மெருகு போடுகிறவர்களும் நம் ஜனங்கள்தான். அவர்கள் வயிற்றில் அடிக்க நான் சொல்லவில்லை.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. எதை வெட்டலாம், எதை விட்டு வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மரத்தை வெட்டினால் இன்னொரு மரம் நடலாம். ஏரியைத் தூர்த்தால் மறுபடி வெட்டலாம். மலையை வெட்டினால்? இன்னொரு 250 கோடி ஆண்டு காத்திருப்பவர் யார்?

வெட்டுகிறவருக்குக் கணக்கு இருக்கிறது. இத்தனை கன மீட்டர், இத்தனை ரூபாய் என்று எழுதி வைத்திருக்கிறார். விட்டு வைக்க வேண்டும் என்கிறவரிடம் என்ன கணக்கு இருக்கிறது? மலையின் பெயர் கூடத் தெரியாவிட்டால் எந்த அதிகாரியிடம் போய் என்னவென்று மனு கொடுப்பது?

அரிட்டாபட்டி காட்டிய வழி

இதற்கு ஒரு நல்ல உதாரணம் மதுரை மாவட்டத்தில் நடந்திருக்கிறது.

மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி என்று ஒரு கிராமம். சுற்றி ஏழு குன்றுகள். அங்கே தமிழி எழுத்துக் கல்வெட்டு உண்டு. சமணர் கற்படுக்கை உண்டு. பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில் உண்டு. பாறைச் சந்தில் அரிய பருந்துகள் கூடு கட்டுகின்றன. ஊர் மக்களுக்கு ஒவ்வொரு குன்றும் தெரியும். ஒவ்வொரு சுனையும் தெரியும். 2022 நவம்பரில் தமிழக அரசு அந்த இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது.

2024 நவம்பரில், அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் முடிந்தது என்ற செய்தி வந்தது. கிராமங்கள் சும்மா இருக்கவில்லை. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். 2024 டிசம்பர் 9ந் தேதி சட்டசபையும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஜனங்கள் மேலூரில் இருந்து மதுரைக்குத் திரண்டு போனார்கள். ஜனவரி 23ந் தேதி மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.

எப்படி நடந்தது? தங்கள் மலையில் என்ன இருக்கிறது என்று அந்த ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. "இது வெறும் பாறைதானே" என்று யாரும் அவர்களிடம் சொல்லித் தப்பிக்க முடியவில்லை. தெரிந்தவனை ஏமாற்றுவது கஷ்டம்!

போகிறவர்கள் கவனிக்க

சரி, மலைக்குப் போக முடிவு செய்து விட்டீர்கள். ஆசை மட்டும் போதாது. எச்சரிக்கையும் வேண்டும்.

2018 மார்ச் 11ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். இருபது பேருக்கு மேல் உயிர் இழந்தார்கள். அந்தச் சோகத்துக்குப் பிறகு அதே ஆண்டு அரசாங்கம் மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலைப் பாதைகளை முறைப்படி திறந்து வைத்தது. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குத்திராயன் மலையும், அய்யூர்–சாமி ஏரிப் பாதையும் அதில் உண்டு. கட்டணம் கட்டிப் பெயர் பதிந்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். காட்டுத் தீ அபாயம் உள்ள காலத்தில் பாதைகளை மூடி விடுவார்கள். அப்போது பிடிவாதம் கூடாது.

ஓசூர்க் காடுகளில் யானைகள் உண்டு என்பதை மறக்க வேண்டாம். கேழ்வரகு விளையும் குளிர் காலத்தில் கர்நாடகப் பக்கம் இருந்து கூட்டம் கூட்டமாக வரும். தேன்கனிக்கோட்டை, தளி, சானமாவு காடுகளில் அனுமதி இல்லாமல் நுழைவது வினையை விலைக்கு வாங்குவதாகும். முதல் முறை போகிறவர்களுக்கு ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாதிரி ஊரை ஒட்டிய கோட்டை மலைகளே போதும்.

தனியாகப் போகாதீர்கள். கால் பிசகினால் கை கொடுக்க ஒரு ஆள் வேண்டும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். விடிந்ததும் ஏறுங்கள். வெயில் ஏறினால் பாறை தோசைக்கல் ஆகிவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். புளிச் சோறு, வெல்லம், வாழைப்பழம் போதும். வழுக்காத செருப்போ ஷூவோ போடுங்கள். மழை பெய்த பாறையில் ஏறாதீர்கள். சுனையில் குளிக்க இறங்காதீர்கள், ஆழம் தெரியாது. நெருப்பு மூட்டாதீர்கள். பாறையில் பெயர் எழுதாதீர்கள். 250 கோடி ஆண்டு நின்ற கல்லுக்கு நம் விலாசம் தேவையில்லை! கொண்டு போன காகிதத்தையும் பிளாஸ்டிக் பையையும் திரும்பக் கொண்டு வாருங்கள்.

ஜப்பான்காரர்களைப் பாருங்கள். பூஜி மலை 3,776 மீட்டர் உயரம். கடைசியாக 1707ல் வெடித்த எரிமலை. அதன் மேல் ஏறுவது அவர்களுக்கு ஒரு புண்ணிய காரியம் போல. கூட்டம் அளவுக்கு மீறியதால், 2024 முதல் முக்கியமான பாதையில் ஒரு நாளைக்கு 4,000 பேருக்கு மேல் விடுவது இல்லை. கட்டணமும் வாங்குகிறார்கள். மலை மேல் ஆசை வைத்தவர்கள் மலைக்காகக் கட்டுப்பாட்டையும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஒரு யோசனை

கடைசியாக மூன்று வார்த்தை.

பள்ளிக்கூடங்களுக்கு ஒன்று. பிள்ளைகளைப் பெங்களூருக்கும் மைசூருக்கும் உல்லாசப் பயணம் கூட்டிப் போகிறீர்கள். நல்லது. ஆண்டில் ஒரு நாள் உள்ளூர் மலைக்கும் கூட்டிப் போங்கள். பஸ் செலவு கூடக் குறைவு. பூகோளம், சரித்திரம், தேகப் பயிற்சி மூன்று பாடமும் ஒரே நாளில் முடியும்.

தொழிற்சாலைகளுக்கு ஒன்று. 1970களில் சிப்காட் வந்தது முதல் ஓசூருக்குப் பல ஊர்க்காரர்கள் பிழைக்க வந்திருக்கிறார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கும் ஊர் இது. வெளியூரில் இருந்து வந்தவருக்கு இந்த ஊர் வெறும் சம்பளம் வாங்கும் இடமாக மட்டும் இருக்கக் கூடாது. தொழிலாளர்களை, அவர்கள் குடும்பத்தோடு, ஒரு நாள் மலைக்கு அனுப்பி வையுங்கள். ஷிப்டு பிரித்த நண்பர்களை மலை சேர்த்து வைக்கும்.

கிராமத்தாருக்கு ஒன்று. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர் எல்லையில் உள்ள குன்று, கரடு, பாறை எல்லாவற்றின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். எது மேய்ச்சலுக்கு, எதில் சுனை இருக்கிறது, எதில் சாமி இருக்கிறது, எதில் பழங்காலத்துச் சின்னம் இருக்கிறது என்று குறியுங்கள். எது கட்டாயம் நிற்க வேண்டும் என்று தீர்மானம் போட்டுப் பதிவேட்டில் ஏற்றுங்கள். வயதானவர்களைக் கேட்டு இன்றே எழுதுங்கள். பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதி விட வேண்டும்.

மலை ஓட்டுப் போடாது. மனு எழுதாது. நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்லாது. அதற்காகப் பேச ஆள் வேண்டும். பேச வேண்டுமானால் முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரிய வேண்டுமானால் ஏறித்தான் பார்க்க வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு என்ன வேலை? ரொம்ப நாளாகப் பார்க்காத நண்பருக்கு இன்றே ஒரு போன் போடுங்கள்.